மூன்றுக்கு ஒன்று

கீழே சாலையோரம் பெட்டி வந்து இறங்கிவிட்டது. மேலே ருப்சேத் மலையூரில் அதற்கு ஈடாக இறக்க ஒரு காலிஃப்ளவர்கூட இல்லை. ரோப்வேயின் பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில் தில்மான் ஆலே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"பெட்டி எவ்வளவு கனம்னு கேளு!" என்று மேட்டைப் பார்த்துக் கத்தினான்.

ஊரில் செல்போனுக்குச் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான், மேட்டில் சிவப்பாகப் பூத்திருக்கும் குராஸ் மரத்தடியில். அங்கே அவன் மனைவி புதலி போனோடு நின்றாள். கீழ் நிலையத்தில் இருப்பது அவளுடைய தம்பி பிர்க்கே. ஆகவே எந்தச் சேதியும் அவள் வழியாகத்தான் போக வேண்டும். போகிற வழியில் கொஞ்சம் காரமும் சேர்ந்துகொள்ளும்.

"நாலு பேர் சேர்ந்துதான் லாரியிலேர்ந்து இறக்கினாங்களாம். என் தம்பிக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சாம். அதைப் பத்தி யாருக்காவது கவலை இருக்கா?"

"உள்ள என்ன இருக்குன்னு தெரியுதா?"

"கடகடன்னு இரும்புச் சத்தம் கேக்குதாம்!"

"மிஷின்னா இரும்புச் சத்தம் கேக்காம கொலுசுச் சத்தமா கேக்கும்?"

அந்த ரோப்வேக்கு மின்சாரம் வேண்டாம், டீசல் வேண்டாம். மேலிருந்து ஒரு தொட்டி காய்கறியோடு இறங்கும். அந்த இழுப்பிலேயே கீழிருந்து இன்னொரு தொட்டி ஏறும். அது கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: ஏறுவது ஒரு பங்கு என்றால் இறங்குவது மூன்று பங்கு இருக்க வேண்டும். காலிஃப்ளவர் காலத்தில் மூட்டை மூட்டையாக இறங்கும். உப்பும் அரிசியும் தகரமும் ஜோராக ஏறும். இப்போது பங்குனி. காலிஃப்ளவர் முடிந்துவிட்டது, தக்காளி பிஞ்சாக நிற்கிறது. மேல் தொட்டியில் ஒரு குருவிதான் உட்கார்ந்திருந்தது.

போன மாதம் மலை விவசாயத் திட்டத்திலிருந்து ரிமால் சார் வந்து கூட்டம் போட்டார். என்ன வேண்டும் என்று அவர் கேட்டதுதான் தாமதம், வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குக் கூரை கேட்டார். ஹவில்தார் சாலை கேட்டார். தில்மான் எழுந்து ரோப்வேயின் கஷ்டங்களை ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தான். ரிமால் சார் கண்ணை மூடிவிட்டார். அவர் தூங்குகிறார் என்று ஊரே சிரித்தது, புதலி கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள். கடைசியில் பெண்கள் சங்கத் தலைவி நந்தகலி எழுந்து, தக்காளியை வெட்டி உலர்த்துகிற மிஷின் கேட்டாள். விலை விழுந்த நாளில் கூடை கூடையாகச் சாலையில் கொட்டிவிட்டு வருகிற வயிற்றெரிச்சல் அவள் குரலில் இருந்தது. சார் கண்ணைத் திறந்தார், குறித்துக்கொண்டார்.

நேற்று அவரே போன் செய்தார். "சாமான் அனுப்பியிருக்கேன். நாளன்னிக்கு நானே வர்றேன். அதுக்குள்ள மேல ஏத்தி வையுங்க. முத்திரையை மட்டும் உடைக்காதீங்க, நான் பார்த்துதான் பிரிக்கணும்."

மிஷின் வந்துவிட்டது என்று ஊரே துள்ளியது.

இப்போது நந்தகலி சக்கரத்தடிக்கு வந்து நின்றாள். பின்னாலேயே ஹவில்தார் ஹர்கபீரும் வந்தார். பட்டாளத்து ஓய்வூதியத்தில் கோவேறு கழுதைகள் வாங்கியவர். ரோப்வே வருவதற்கு முன்னால் ஊர்ச் சுமையெல்லாம் அவருடைய கழுதைகள் மேல்தான் ஏறும். ரோப்வே வந்த நாளிலிருந்து கழுதைகள் கொழுத்துக்கொண்டே போயின, அவர் இளைத்துக்கொண்டே போனார்.

"என்ன தில்மான், நாளைக்கு சார் வர்றப்போ மிஷின் மேல இருக்குமா?" என்று கேட்டாள் நந்தகலி.

"இருக்கும்க்கா. சுமை மட்டும் கொஞ்சம் வேணும்."

"மிஷினைக் கொண்டுவரத் துப்பில்லாத கம்பி எதுக்கு?" என்றார் ஹவில்தார். "பேசாம ஊர் வேலையை மறுபடி என் கழுதைக்கே குடுத்துடுங்க."

"மலைப்பாதையில பாறை வளைவுல அந்தப் பெட்டி திரும்பாதே அண்ணே. உங்க கழுதையால மட்டும் முடியுமா?"

"முடியும்னு நான் எப்போடா சொன்னேன்? முடியும்னு சொன்னது நீ."

நந்தகலி யோசித்தாள். "சரி. சார் வர்றதுக்குள்ள பெட்டி மேல வந்துட்டா தில்மான் வேலை தில்மானுக்கு. வரலேன்னா நாளையிலேர்ந்து கழுதைதான். என்ன தம்பி, சரிதானே?"

தில்மான் ஆறு வருஷம் கத்தாரில் வெயிலில் கம்பி கட்டியவன். ஊருக்கு ரோப்வே வந்தது, ஆபரேட்டர் வேலை கிடைத்தது, பாஸ்போர்ட்டைத் தகரப்பெட்டியின் அடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருந்தான். இந்த வேலை போனால் மறுபடி அதே வெயில்தான், புதலியை வீடியோவில் பார்க்கிற பிழைப்புதான். "சரிக்கா" என்றான். 

"கல்லை ஏத்தி இறக்கேன்" என்றாள் மேட்டிலிருந்து புதலி.

கல் ஏற்றக் கூடாது. போன வருஷம் ஒரு கல் தொட்டியிலிருந்து நழுவி, கீழே மையா டீக்கடையின் கூரையைப் பொத்துக்கொண்டு போய்க் கொதிக்கிற கெட்டிலில் விழுந்தது. அன்றைக்கே ரோப்வே கமிட்டி தடை போட்டுவிட்டது. விறகு இறக்கலாம் என்றால் ஊர்க்காட்டுச் சங்கம் காட்டைத் திறப்பது அடுத்த மாதம்தான். மண்? அதை மழையே இலவசமாகக் கீழே கொண்டுபோகிறது. மலைக்காரன் கையாலும் இறக்குவானா?

"கடனா வாங்குறேன். கீழ போகும், அடுத்த தடவையே மேல வந்துடும்" என்றான் தில்மான்.

முதலில் கொடுத்தவர் ஹவில்தார்தான். "என் மக்காச்சோளம் மூணு மூட்டை எடுத்துக்க. சாயங்காலம் திரும்பி வரலேன்னு வையி, அதைச் சொல்லியே உன் சக்கரத்தைக் கழட்டிடுவேன்." இன்னும் நாலு வீட்டிலிருந்து விதை உருளைக்கிழங்கு வந்தது. தொட்டி நிறைந்தது.

மேலும் கீழும் பேசிக்கொள்ள ரோப்வேக்காரர்களுக்குப் போன் தேவையில்லை. கீழே இருப்பவன் தயாரானதும் கம்பியைத் தடியால் மூன்று தட்டு தட்டுவான். மேலே இருப்பவன் கம்பியைத் தாங்குகிற கம்பத்தில் காது வைத்துக் கேட்டு பிரேக்கை விடுவான். தில்மான் கண்ணை மூடிக் கம்பத்தில் காதை வைத்தான்.

டொக், டொக், டொக்.

பிரேக்கை விட்டான். மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் விர்ரென்று இறங்கின. அடுத்த நிமிஷமே கீழிருந்து தொட்டி வந்து நின்றது. இவ்வளவு வேகமாக எந்தத் தொட்டியும் வந்ததில்லை. எட்டிப் பார்த்தான், காலித் தொட்டி.

"ஏன்டா காலியா அனுப்பினேன்னு உன் தம்பியைக் கேளு!"

புதலி போனில் பேசிவிட்டுக் கத்தினாள். "பெட்டியை இன்னும் கட்டவே இல்லையாம். அவன் கம்பியைத் தட்டவே இல்லையாம்!"

"தட்டாம எனக்கு எப்படிக் கேட்டுது?"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கம்பத்தின் உச்சியில் ஒரு மரங்கொத்தி உட்கார்ந்திருந்தது. அது தலையைச் சாய்த்து தில்மானைப் பார்த்துவிட்டு, மறுபடி மூன்று முறை கொத்தியது.

"ஆபரேட்டர் மாத்தியாச்சு போல" என்றார் ஹவில்தார்.

இப்போது பெட்டியும் கீழே, மக்காச்சோளமும் கீழே. இரண்டாவது சுற்றுக்குத் தில்மான் வீடு வீடாக ஏறி இறங்கினான். கொல்லன் தன் பட்டறைக் கல்லைக் கொடுத்தான். "இரும்புதானே, கல் இல்லையே" என்று கமிட்டியும் ஒத்துக்கொண்டது. கல்யாணத்துக்கெல்லாம் சமைக்கிற ஊர்ப் பொது அண்டா வந்தது. வாத்தியார் பள்ளிக்கூட மணியைக் கழற்றிக் கொடுத்தார்; பரீட்சை முடிந்துவிட்டது, ஒரு நாளைக்கு மணி இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது என்றார்.

தில்மான் சக்கரத்தில் கை வைத்த நேரத்தில் ஹவில்தார் விறுவிறுவென்று மேட்டுக்கு ஏறிப் புதலியின் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "டேய் பிர்க்கே, நான் ஹவில்தார் பேசுறேன். முதல்ல என் மூட்டை ஏறணும். இல்லேன்னா நானே கீழ இறங்கி வருவேன்!"

தட்டு கேட்டது. இந்த முறை மரங்கொத்தியை விரட்டிவிட்டுத்தான் கேட்டான். பிரேக்கை விட்டான். மணி வழியெல்லாம் டாண் டாண் என்று அடித்துக்கொண்டே இறங்கியது. மேலே வந்தது பெட்டி இல்லை, மக்காச்சோளம்.

"பெட்டி எங்கடி?"

"ஹவில்தார் அதட்டினாராம். என் தம்பி சின்ன வயசுலேர்ந்தே பயந்த சுபாவம், உங்களுக்குத் தெரியாதா?"

ஹவில்தார் மூட்டையைத் தட்டிப் பார்த்தார். "இது ஒண்ணு வந்துடுச்சு. மீதி ரெண்டு?"

நந்தகலி சங்கத்து விதையை நிறுத்துக் கொடுக்கிறவள் அல்லவா, அந்த நிமிஷமே கணக்கைப் போட்டுவிட்டாள். "இரு இரு. கீழ போனது ஒரு பங்கு மேல வரணும்னா, நாம மூணு பங்கு இறக்கணும். அந்த மூணும் திரும்பி வரணும்னா ஒன்பது இறக்கணும். அந்த ஒன்பதும் வரணும்னா..." அவள் நிறுத்திவிட்டு மலையை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "தம்பி, இந்த மலையே பத்தாது போலிருக்கேடா."

கடன் கொடுத்தவர்களுக்கு இது புரிந்ததும் ஓடிவந்தார்கள். கொல்லனுக்குப் பட்டறைக் கல் வேண்டும், அடுப்படிக்காரிகளுக்கு அண்டா வேண்டும். அவரவர் பொருளைத் திரும்ப வாங்க ஒரே வழி, இன்னும் இறக்குவதுதான். அதற்குப் பிறகு தில்மான் யாரையும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கட்டில் வந்தது. கலப்பை வந்தது. உரல் வந்தது.

"திரிகையை ஏத்தாதீங்க, அது கல்லு" என்றான் தில்மான்.

"கல்லு மலையில கிடக்கும். இது என் மாமியார் வீட்டுச் சீர். இதைப் போய்க் கல்லுங்கிறே!" என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். திரிகையும் போயிற்று.

ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மேலே வந்தது. ஆனால் வேண்டியது வரவில்லை. குராஸ் மரத்தடியில் போனுக்கு வரிசை நின்றது. பிர்க்கே யார் கடைசியாகத் திட்டினார்களோ அவர்கள் பொருளை ஏற்றினான். கொல்லனின் சுத்தியல் வந்தது, பட்டறைக் கல் வரவில்லை. அண்டாவின் மூடி வந்தது, அண்டா வரவில்லை. ஒருமுறை மையா டீக்கடையிலிருந்து ஒரு கெட்டில் நிறைய டீ வந்தது. அதை யார் கேட்டது என்று கடைசிவரை தெரியவில்லை. எல்லோரும் குடித்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் ஊர் காலியாகிவிட்டது. வீடுகளில் பேசினால் எதிரொலித்தது.

தில்மான் மேட்டுக்கு ஏறிப் போய்ப் புதலியின் கையைப் பிடித்தான். "இதுதான் கடைசிச் சுற்று. இதுல பெட்டி வரலேன்னா நான் கத்தாருக்குப் போறதைத் தவிர வேற வழி இல்ல."

புதலி அவனைப் பார்த்தாள்.  பிறகு போனைக் காதில் வைத்தாள்.

"டேய் பிர்க்கே! இப்போ பெட்டியைத் தவிர வேற ஏதாவது ஏத்தினே, நீ என் தம்பியே இல்ல. தசைன் பண்டிகைக்கு நெத்தியில டீகா வச்சுக்க என் வாசப்படி மிதிக்காதே. ஹவில்தார் பேசினாலும் சரி, அந்தக் கடவுளே போன் பண்ணினாலும் சரி, பெட்டியைக் கட்டு!"

போனை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள். "வாங்க, நம்ம வீட்டுல என்ன மிச்சம் இருக்குன்னு பார்ப்போம்."

இரும்படுப்பு மிச்சம் இருந்தது. அவளுடைய தகரப்பெட்டி இருந்தது. அதைத் திறந்து துணிமணிகளுக்கு அடியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தாள். அவன் கையில் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தான். அவள் அதை மறுபடி பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டினாள். "இதுவும் கீழ போய்க் கிடக்கட்டும்."

அப்படியும் கொஞ்சம் குறைந்தது. தில்மான் தன் வீட்டு வாசல் கதவைக் கழற்றித் தலையில் தூக்கிக்கொண்டு வந்தான். அதைப் பார்த்துவிட்டு நந்தகலி போய்த் தன் வீட்டுக் கதவையும் தூக்கி வந்தாள்.

தட்டு கேட்டது. தில்மான் பிரேக்கை விட்டான். இரண்டு கதவும் அடுப்பும் தகரப்பெட்டியும் ஊரின் மிச்சசொச்சமும் ஆடி ஆடி இறங்கின. சக்கரம் முனகியது, நடுவழியில் நின்றுவிடும்போல் இழுத்தது, பிறகு மனசு மாறிச் சுற்றியது. பனிமூட்டத்திலிருந்து தொட்டி மெதுவாக வெளியே வந்தது. அதில் பெட்டி இருந்தது.

ஊரே ஆர்ப்பரித்தது. பெண்கள் தில்மான் கழுத்தில் குராஸ் பூ மாலையைப் போட்டார்கள். பெட்டியை இறக்கும்போது கடகடவென்று சத்தம் கேட்டதும் நந்தகலி அதைத் தடவிக்கொடுத்து, "மெதுவா, மெதுவா, உள்ள கத்தி எல்லாம் இருக்கும்" என்றாள். ஹவில்தார்கூட வந்து சல்யூட் அடித்தார். "பெட்டி வந்துடுச்சு, ஒத்துக்கறேன். என் ரெண்டு மூட்டை?"

"நாளைக்கு அண்ணே."

அன்றைக்கு ஊர் முழுக்க மிச்சமிருந்த ஒரே பானையில் களி கிண்டிப் புளித்த கீரைச் சாற்றோடு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து தின்றார்கள். கதவில்லாத வீட்டில் தில்மான் நிம்மதியாகத் தூங்கினான்.

மறுநாள் உச்சிவேளைக்கு ரிமால் சார் மலையேறி வந்து சேர்ந்தார். கூடவே அவருடைய பையைச் சுமந்துகொண்டு ஜீப் டிரைவர். சாருக்கு மூச்சு வாங்கியது. அதைவிட, கண் கலங்கியிருந்தது. வரவேற்க வந்த நந்தகலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, போகாதீங்க!"

"எங்க சார்?"

"கீழ பார்த்துட்டுத்தான் வர்றேன். கட்டில், கலப்பை, அண்டா, பள்ளிக்கூட மணி... வீட்டுக் கதவைக்கூடக் கழட்டிட்டீங்களே! காவலுக்கு ஒருத்தன் மூட்டை மேல படுத்திருக்கான். பக்கத்து மலையில ரெண்டு ஊர் இப்படித்தான் காலியாச்சு. வீடெல்லாம் முள் மூடிக்கிடக்கு. நீங்களும் மலையை விட்டுப் போயிட்டா நான் யாருக்கு அக்கா திட்டம் போடறது?"

தில்மான் விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தான். நந்தகலி அவன் காலை மிதித்தாள்.

"வேற என்ன சார் பண்றது?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பள்ளிக்கூடம் ஒழுகுது. எத்தனை நாளைக்குத்தான் பொறுத்துக்கறது?"

"கூரைக்கு இன்னிக்கே எழுதறேன்."

"எங்க ஆபரேட்டரைப் பாருங்க. இவனே மறுபடி கத்தாருக்குப் போற நிலைமை."

"அவர் போகக் கூடாது! அவர் வேலையை நிரந்தரம் பண்ணச் சொல்றேன்."

ஹவில்தார் வானத்தைப் பார்த்தார். தில்மான் புதலியைத் திரும்பிப் பார்த்தான். புதலி அவன் முதுகில் ஒரு குத்து விட்டாள். சந்தோஷம் வந்தால் அவளுக்கு அப்படித்தான்.

"நல்லது சார்" என்றாள் நந்தகலி. "மிஷினும் நல்லபடியா வந்து சேர்ந்துடுச்சு. வாங்க, உங்க கையால பிரிங்க."

"எந்த மிஷின்?"

"தக்காளி உலர்த்துற மிஷின்தான்."

"அது அடுத்த வாரம்தானே லாரி ஏறுது!"

ஊர் மொத்தமும் திரும்பி, பூமாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெட்டியைப் பார்த்தது.

"அப்போ இதுல என்ன சார் இருக்கு?" என்று கேட்டான் தில்மான்.

சாருக்கு இன்னும் மூச்சு சரியாகவில்லை. டிரைவருக்குக் கையைக் காட்டிவிட்டுத் தண்ணீர் கேட்டார். டிரைவர் முத்திரையை உடைத்துப் பலகையைப் பெயர்த்தான். உள்ளே எண்ணெய் பூசிய கனத்த இரும்பு வட்டுகள், தூக்குவதற்குக் கைப்பிடியோடு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அவன் ஒன்றைச் சிரமப்பட்டுத் தூக்கித் தில்மானிடம் கொடுத்தான்.

"எடைக்கட்டி அண்ணே. சீசன் இல்லாதப்போ இறக்கச் சுமை கிடைக்காம திண்டாடுறோம்னு போன கூட்டத்துல நீங்கதானே அவ்வளவு நேரம் பேசினீங்க, சார் கண்ணை மூடிக்கிட்டு உன்னிப்பாக் கேட்டாரே! மிஷினை மேல ஏத்த இதை இறக்கினாப் போதும், காலிஃப்ளவர் சீசன்ல இதைத் திருப்பி ஏத்திக்கலாம், உங்க வீட்டுச் சாமான் எதையும் தொடவே வேண்டாம்."